நஷ்டஈடும் நஷ்டத் தணிப்பும்

"வாக்குத் தவறியவர் அவர், நஷ்டம் முழுவதையும் அவரே கொடுக்கட்டும்" என்று அங்கத்தினர் பலர் கூறக் கேட்கிறோம். நியாயமான பேச்சுத்தான். ஆயினும் சட்டம் அதை முழுதும் ஒப்புக்கொள்வதில்லை.

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73 ஆவது பிரிவின் விளக்கத்தில், நஷ்டஈட்டைக் கணக்கிடுங்கால், ஒப்பந்தம் நிறைவேறாமையால் நேர்ந்த இடையூற்றை நீக்கிக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கருதவேண்டும் என்கிறது. இதுவே நஷ்டத் தணிப்பு. குற்ற வழக்கில் தண்டனையைக் குறைக்கக் காட்டும் காரணங்களையும் தணிப்பு என்பதுண்டு, அது வேறு.

பொம்மையார்பாளையத்து அங்கத்தினர் ஒருவர், 40 மூட்டை மணிலாக் கொட்டையை மூட்டை ரூ. 8,000 வீதம் கொடுக்க ஒரு வியாபாரியுடன் ஒப்பந்தம் செய்ததாக வைத்துக்கொள்வோம். குறித்த நாளில் வியாபாரி சரக்கை எடுக்க மறுக்கிறார். அன்று திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை ரூ. 7,600. உடனே அங்கு விற்றிருப்பின் நஷ்டம் மூட்டைக்கு ரூ. 400, மொத்தம் ரூ. 16,000. அவரோ, வியாபாரி வந்தே தீரவேண்டும் என்ற வைராக்கியத்துடன் மூட்டைகளைத் தாழ்வாரத்தில் அடுக்கிவைத்தார். மழை பிடித்தது; கொட்டையில் பூஞ்சணம் பூத்தது. ஒரு மாதம் சென்று மூட்டை ரூ. 6,500 க்குத்தான் விலைபோயிற்று. அவர் கோருவது ரூ. 60,000, கிடைக்கக்கூடியது ரூ. 16,000, அத்துடன் வண்டிக்கூலி போன்ற நியாயமான செலவு. எஞ்சிய ரூ. 44,000 வைராக்கியத்தின் விலை என்றே சொல்லவேண்டும்.

நெசவாளருக்கும் இதுவே விதி. நூல் தருவதாகச் சொன்னவர் தராவிடில், வேறிடத்தில் நூல் கிடைத்தும் இரண்டு மாதம் தறியை நிறுத்திவைத்தவர், அவ்விரண்டு மாத வருமானத்தையும் கோர இயலாது. ஆனால் நியாயமான முயற்சியையே சட்டம் எதிர்பார்க்கிறது. கடும் வட்டிக்குக் கடன் வாங்கியாவது நூல் வாங்கு என்று அது கூறவில்லை.

முரளிதர் சிரஞ்சிலால், ஹரிச்சந்திர துவாரகாதாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1961 இல் இவ்விதியை வலியுறுத்தியது. கான்பூரில் ரயிலேற்றித் தரவேண்டிய கான்வாஸ் துணியை விற்பவர் தரவில்லை. வாங்குபவர் கல்கத்தா விலையைக் காட்டி நஷ்டஈடு கோரினார். கான்பூரிலேயே அவர் வேறு துணி வாங்கியிருக்கலாம். ஆதலால் அவ்வூரின் அன்றைய விலையே அளவு என்றது நீதிமன்றம். அவ்விலைக்கு அவரிடம் சான்றில்லை. வாக்குத் தவறாதவராயிருந்தும் நஷ்டஈடு பெறாமலே போனார்!

ஆகவே, எதிர்த்தரப்பினர் மறுத்தவுடன் தபாலில் அறிவிப்புக் கொடுத்து, சரக்கை வேறிடத்தில் விற்றுவிடுக. அன்றைய விலைச் சீட்டையும் வண்டிக்கூலி ரசீதையும் ஒப்பந்தத் தாளுடன் சேர்த்தே வைத்திருக்கவேண்டும்.