சூட்டில் மட்டும் ‘செல்ஃப்’ திணறுகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்க!

வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறீர்கள். வெள்ளி அருவியில் காரை ஓரங்கட்டி, போட்டோ எடுத்து, சோளம் வாங்கிச் சாப்பிட்டு, 20 நிமிடத்தில் திரும்புகிறீர்கள். சாவியைத் திருப்பினால் ‘கர்ர்… கர்…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. காலையில் வீட்டு வாசலில் ஒரே அடியில் கிளம்பிய அதே வண்டி!

அங்கிருந்து வட்டக்கானல் போய், காரை நிறுத்திவிட்டு வெள்ளகவிக்கு நடந்து இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஊருக்குள் செருப்பு போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். செருப்போடு கார் கவலையையும் கழற்றி வைக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால், சாயங்காலம் மேலே ஏறி வந்து சாவியைத் திருப்பினால் கார் உடனே கிளம்பிவிடுகிறது. துப்பு இதில்தான் இருக்கிறது.

பேட்டரி நோஞ்சான் ஆகிவிட்டால், குளிர்ந்த காலையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், பேட்டரிக்கும் வலு குறையும். சூட்டிலோ ஆயில் இளகிவிடும். இன்ஜின் இன்னும் சுலபமாகச் சுற்ற வேண்டும். அப்போதும் திணறுகிறது என்றால் முதல் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேலும், அதற்குப் போகும் கேபிள் மேலும்தான் வர வேண்டும். பலரும் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்தும், அடுத்த மலைப் பயணத்தில் அதே ‘கர்ர்’.

சூட்டில் என்னதான் ஆகிறது? செல்ஃப் மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பி. 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் செம்பின் மின்தடை சுமார் 30 சதவிகிதம் கூடும். பல கார்களில் இந்த மோட்டார் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று படும், கூலன்ட் சுற்றும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோக, இன்ஜின் சூடு மொத்தமும் மோட்டாரில் இறங்கும். அதனால்தான் நிறுத்திய உடனே கிளம்பும் வண்டி, 20 நிமிடம் கழித்து மக்கர் பண்ணுகிறது. நல்ல மோட்டார் இந்தச் சூட்டைத் தாங்கும். கார்பன் பிரஷ், புஷ் தேய்ந்த மோட்டார் தாங்காது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபைத் திட்ட வேண்டாம். பெட்ரோல் லைன், சென்சார் பக்கம் தேட வேண்டும். ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றால் சோலினாய்டு, அதற்குப் போகும் சின்ன ஒயர், லூஸ் டெர்மினல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் மல்டிமீட்டரை எடுக்கும் நேரம்.

வண்டி சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும் என்பது முக்கியம். ஆறியபின் மெக்கானிக்கிடம் போனால், “நல்லாத்தானே இருக்கு” என்ற பதில்தான் கிடைக்கும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் அளக்கலாம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி பலவீனம் அல்லது மோட்டார் அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கிறது. 10-க்கு மேல் நின்றும் மெதுவாகச் சுற்றினால் கேபிளைச் சோதியுங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவே 0.5 வோல்ட், நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே 0.2 வோல்ட், இதற்கு மேல் காட்டக் கூடாது. 100 ஆம்பியர் பாயும் இடத்தில் 0.01 ஓம் துரு இருந்தாலே ஒரு வோல்ட் காலி! எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே சரியான வண்டிகள் உண்டு. கேபிளும் பேட்டரியும் சுத்தம் என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். ஆர்மேச்சர் எரியாமல் இருந்தால், பிரஷ், புஷ் மட்டும் மாற்றினாலே போதும். புது மோட்டார் தேவைப்படாது.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருந்தால் விஷயம் வேறு. அங்கே இன்ஜினே இறுகியிருக்கலாம். செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் பானட்டைத் திறந்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மோட்டார் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். நடுவே ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். மலைச் சரிவில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆட்டோமேட்டிக் கார் எப்படி உருட்டினாலும் கிளம்பாது.

ரிப்பேர் முடிந்ததும் உடனே பணத்தை நீட்டாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டி, பட்டறைக்குத் திரும்பி, 20 நிமிடம் நிறுத்தி, மெக்கானிக் முன்னாலேயே சாவியைத் திருப்பிப் பாருங்கள்.