'படம்னு பார்த்தா படமில்ல, கேம்னு பார்த்தா கேமில்ல': 30 வருஷமா திட்டு வாங்கும் ஒரு காமெடி கேம் கொங்கு கிரியேட்டர்களுக்குச் சொல்வது என்ன?

ஒரு போன், பேச்சில் நக்கல் குறையாத நாலு நண்பர்கள், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீடு. கொங்கு மண்டலத்தில் காமெடி வீடியோ எடுக்க இவ்வளவு போதும். கோவையின் 'நக்கலைட்ஸ்' குழு யூடியூப் வீடியோக்களில் பேர் வாங்கி, 'அம்முச்சி' என்ற தொடர் வரை போனது. அதன் இரண்டாவது சீசன் 2022-ல் ஆஹா ஓடிடி தளத்தில் வந்தது. செட் எங்கே, கிராஃபிக்ஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பேச்சில் இருந்த கோயம்புத்தூர் குசும்பே போதுமானதாக இருந்தது.

அதே காமெடியில், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்பவரே முடிவு செய்தால்? மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகணுமா, பஸ் ஏறி ஊரை விட்டு ஓடணுமா என்று திரையில் இரண்டு பட்டன். எதைத் தொடுகிறோமோ அந்தக் காட்சி ஓடும். இதற்குப் பெயர்தான் இன்டராக்டிவ் மூவி. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால், இதில் இறங்கும் முன் 'பிளம்பர்ஸ் டோன்ட் வேர் டைஸ்' என்ற பழைய கேமின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படி என்ன கேம் அது?

1990-களின் தொடக்கத்தில் சிடி ராம் புதுசு. டிவியில் ஓடும் படத்தையே கேமாக விளையாடலாம் என்பதுதான் அன்றைய பெரிய கனவு. 1993-ல் அமெரிக்காவில் வந்த 3டிஓ என்ற கேம் மெஷினின் அறிமுக விலை 699 டாலர். அந்த மெஷினுக்கு, 1994-ல் கிரின் என்டர்டெயின்மென்ட் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டதுதான் இந்த காமெடி கேம்.

கதை நம்ம ஊருக்கும் பழக்கப்பட்டதுதான். ஜான் ஒரு பிளம்பர். ஜேன் வேலை தேடும் பெண். இரண்டு வீட்டிலும் "எப்போ கல்யாணம்?" என்ற நச்சரிப்பு. இருவரும் சந்திக்கிறார்கள், ஜேன் இன்டர்வியூவுக்குப் போகிறார், அங்கே ரகளை தொடங்குகிறது.

விளையாடியவர்கள் ஏன் கடுப்பானார்கள்?

முதல் கடுப்பு, வீடியோவே இல்லை என்பது. ஆரம்பத்தில் ஜேனாக நடித்த ஜீன் பசோன் கேமராவைப் பார்த்துப் பேசும் ஒரு வீடியோ வரும். அதற்குப் பிறகு பெரும்பாலும் போட்டோக்கள்தான். பின்னணியில் குரல் ஓட, படங்கள் ஒவ்வொன்றாக மாறும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே பக்கத்து ரூம் பேச்சைக் கேட்பது மாதிரி.

இரண்டாவது, விளையாட ஒன்றும் இல்லை என்பது. நெடுநேரம் பார்த்த பிறகு எப்போதாவது ஒரு கேள்வி வரும். தப்பான பதிலைத் தொட்டால் கதை சொல்பவர் வந்து திட்டுவார், பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, தேர்ந்தெடுத்ததற்குத் திட்டினால் எப்படி? நம்ம ஊர் பாஷையில் சொன்னால், போங்காட்டம்.

மூன்றாவது, சிரிப்பு வராத காமெடி. வேலை கேட்டு வரும் பெண்ணிடம் முதலாளி தப்பாக நடந்துகொள்வதையே இந்த கேம் ஜோக்காக வைத்திருக்கிறது. இன்று விளையாடுபவர்களை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் முகம் சுளிக்க வைப்பது இதுதான். போட்டோ மங்கலாக இருந்தால் சகித்துக்கொள்ளலாம். இதை அப்படி விட முடியாது.

பிறகு ஏன் இது பிரபலமானது?

2009-ல் 'ஆங்க்ரி வீடியோ கேம் நெர்ட்' என்ற யூடியூப் தொடரில் ஜேம்ஸ் ரோல்ஃப் இந்த கேமைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாதவர்கள் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தார்கள். 2024-ல் லிமிடெட் ரன் கேம்ஸ் நிறுவனம் இதைப் புதுப்பித்து இன்றைய மெஷின்களுக்கு வெளியிட்டது.

அதே கேம்தான், மாறியது பார்ப்பவரின் நிலைமை. அன்று காசு கொடுத்தவருக்கு அது ஏமாற்றம். இன்று நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு மொக்கைப் படத்தைக் கலாய்ப்பது மாதிரி அது பொழுதுபோக்கு. ஆனால் ஒன்று, இங்கே ஜோக்குக்காக யாரும் சிரிக்கவில்லை. ஜோக் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எந்த கிரியேட்டரும் ஆசைப்பட்டு வாங்கும் கைதட்டல் இல்லை அது.

குறைந்த பட்ஜெட்தான் பிரச்சினையா?

இல்லை. 2020-ல் வந்த 'ஃபைவ் டேட்ஸ்' என்ற ரொமான்டிக் காமெடி கேம், கொரோனா லாக்டவுனில் நடிகர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி நடித்தது. கதையே வீடியோ கால் டேட்டிங் என்பதால், வீட்டுச் சுவரும் லேப்டாப் கேமராவும் குறையாகத் தெரியவில்லை. கையில் இருந்ததைச் சுற்றியே கதை எழுதினார்கள்.

2019-ல் யூடியூபில் வந்த 'எ ஹெய்ஸ்ட் வித் மார்க்கிப்ளையர்' இன்னொரு உதாரணம். மொத்தம் 31 முடிவுகள். தப்பான வழியில் போனாலும் அங்கே ஒரு ஜோக் காத்திருக்கும். அதனால் தோற்றவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து அடுத்த வழியைப் பார்ப்பார்.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

கணக்கில். கதையில் 10 இடத்தில் இரண்டு இரண்டு வழி வைத்தால், முடிவுகள் மட்டும் 1,024. மொத்தக் காட்சிகள் 2,047. ஒவ்வொன்றும் 1 நிமிடம் என்று வைத்தாலும் சுமார் 34 மணி நேரம் படம் எடுக்க வேண்டும். சின்ன டீமை விடுங்கள், பெரிய ஸ்டுடியோவுக்கே கட்டுப்படியாகாது. அதனால் பிரிந்த கதையை எங்காவது மறுபடி ஒன்றாகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ராதூஸ் சிஞ்செரா. 1967 மான்ட்ரியல் கண்காட்சியில் அவருடைய 'கினோஆட்டோமேட்' ஓடியது. அதுவும் ஒரு காமெடிதான். படத்தை நடுவில் நிறுத்தி, கதாநாயகனாக நடித்தவரே மேடைக்கு வந்து "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று கேட்பார். மக்கள் பட்டன் அழுத்தி ஓட்டு போடுவார்கள். எப்படி ஓட்டு போட்டாலும் கடைசியில் வீடு தீப்பிடித்து எரியும்! ஓட்டு போட்டும் ஒன்றும் மாறவில்லை என்ற நக்கலே அந்தப் படத்தின் உயிர்.

அங்கேயும் தேர்வு ஏமாற்றுதான். ஆனால் அதையே ஜோக் ஆக்கி, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். அமெரிக்க கேமோ ஏமாற்றிவிட்டுத் திட்டவும் செய்தது.

கோவையில் எடுக்க முடியுமா?

டெக்னிக்கலாக, முடியும். முன்பு யூடியூப் வீடியோவின் நடுவிலேயே தொடும் வகையில் குறிப்புகள் வைக்கலாம். 2019 ஜனவரியில் அந்த வசதி மொத்தமாக நின்றுபோனது. இப்போது வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் எண்ட் ஸ்கிரீனில் நான்கு இணைப்புகள் வரை வைக்கலாம். இரண்டு வழிக்கு அது தாராளம்.

ஆனால் வசதி இருந்தால் மட்டும் ஆட்டம் நிற்காது. 'பேண்டர்ஸ்னாட்ச்', 'ரன்வீர் வெர்சஸ் வைல்ட்' என்று வரிசையாக எடுத்த நெட்ஃபிளிக்ஸே, 2024 கடைசியில் நான்கைத் தவிர மற்ற இன்டராக்டிவ் படங்களைத் தூக்கியது. 2025 மே மாதம் 'பேண்டர்ஸ்னாட்ச்' படமும் போனது. பணம் அங்கே குறைவாக இல்லை.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ரசம் கேட்டால் மாமா சண்டைக்கு வருகிறார், மோர் கேட்டால் சித்தப்பா வருகிறார். எப்படியும் பந்தியில் சண்டை உறுதி. ஆனால் இரண்டும் வேற வேற சண்டை, வேற வேற சிரிப்பு. இலையில் என்ன கேட்டோம் என்பதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. எடுக்க ஆகும் செலவும் ஒரு பந்தி சாப்பாடுதான்.

படம் மங்கலாக இருந்ததற்காக யாரும் 30 வருஷம் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். "நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சொன்னதைக் காதில் வாங்காமல் போனால் திட்டுவார்கள். அது கேமாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "காப்பியா டீயாங்க?" என்று கேட்பதாக இருந்தாலும் சரி.