ஒலி வடத்தின் கவசம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே திருவிழாவும் இசையும் இணைபிரியாதவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் பெருந்திருவிழா மாத்திரம் 25 நாள் நிகழ்வது. ஊர்க் கோயில்களிலும் நாதசுரமும் தவிலும், பண்ணிசையும், கதாப்பிரசங்கமும் இரவு நெடுநேரம் நடைபெறும். வீதியின் கடைக்கோடியில் நிற்பவர்க்கும் அவற்றை எடுத்துச் செல்வது ஒலிபெருக்கி. ஆனால், பாடுவோர் மூச்சு வாங்கும் இடைவெளியில் வண்டு முரல்வதுபோன்ற ஓர் இரைச்சல் எழுந்து கேட்போரை வருத்துவதுண்டு. அஃது எங்கிருந்து வருகின்றது? அதனை நீக்குவது எப்படி?

ஒலிவாங்கியினின்று புறப்படும் மின்குறிப்பு மிக நொய்தானது. அதன் அழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அருகே அலங்கார விளக்குகளுக்குச் செல்லும் கம்பியிலோ 230 வோல்ற்று உண்டு; முன்னையதினும் இலட்சம் மடங்குக்கு மேல். இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவது. அவ்வலைவு கம்பியைச் சூழ்ந்த வெளியிலும் பரவி, ஒலி வடத்திற் சிறிது படிகின்றது. ஒலிபெருக்கி அதனையும் பாட்டோடு சேர்த்தே பெருக்கிவிடுகின்றது.

1836 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி உலோகத் தகட்டினாற் பெரிய கூடொன்று அமைத்து, வெளியே பலமாக மின்னேற்றியும் உள்ளே அதன் தாக்கம் சேராமையைக் காட்டினார். ஒலி வடத்தின் கவசம் இவ்வுண்மையின் வழி வந்ததே. உள்ளேயுள்ள கம்பிகளைச் சுற்றிச் செம்பிழையாற் பின்னிய உறை, வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தான் ஏற்றுப் புவிக்குக் கடத்திவிடும்.

எனினும் மெல்லிய செம்புறை காந்தப்புலத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆதலால் நல்ல வடத்தில் இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி வைப்பர். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாகப் படியும்; பெருக்கியோ இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மாத்திரம் எடுத்துக்கொள்ளும். இரைச்சல் இவ்வாறு தன்னைத் தானே அழித்துக்கொள்ள, பாட்டு எஞ்சும்.

வடத்தை விரிக்கும் முறையும் முக்கியமானது. விளக்குக் கம்பியோடு சேர்த்துக் கட்டலாகாது. கடக்க நேரின் குறுக்காகவே கடத்தல் வேண்டும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றினாற் செம்பு பச்சை பூத்து இணைப்புகள் கெடுமாதலின், அவற்றை அடிக்கடி சோதித்தல் நன்று.

ஒலிக்கருவிகள் இரண்டு வெவ்வேறிடங்களிற் புவித்தொடுப்புப் பெற்றால், கவசத்தினூடாகவே மின்னோட்டம் சுற்றி இரைச்சலை உண்டாக்கும். அப்போது சிலர் பெருக்கியின் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றிவிடுவர். இரைச்சல் நிற்கும், ஆபத்துத் தொடங்கும். கருவியினுள்ளே மின் கசிந்தால் அது கவசத்தின் வழியே ஒலிவாங்கியின் உலோகப் பிடிக்கு ஏறிவிடும். நீர் தெளித்த மணலில் வெறுங்காலோடு நின்று அதனைப் பற்றுபவரின் உடலே பின்னர் மின்சாரத்திற்கு வழியாகும். குடாநாட்டிற் பல இடங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணக்கற்பாறை கிடக்கின்றது. வரண்ட பாறையில் நட்ட புவித்தண்டு நன்கு பயன்படாது. எனவே உள்ள புவித்தொடுப்பையும் அகற்றுதல் பெருந்தீங்கு.

தக்க வழி வேறு. கருவிகள் யாவற்றிற்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தல் வேண்டும். அது கூடாதவிடத்து ஒலி வடத்தின் இடையே தனிப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றை வைக்கலாம். விழா தொடங்குமுன் விளக்குகள் அனைத்தையும் ஏற்றி, ஒலிவாங்கியின் முன் எவரும் பேசாதிருக்க, ஒலிபெருக்கியைச் செவிமடுத்தால் குறை எங்குள்ளதென்பது புலப்படும்.