உரம் செல்லும் சிறு துவாரம்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சீமை ஏரிப் பாசனத்துக்குப் பேர்போனது. பல்லவர் காலந்தொட்டு மழைநீரைத் தேக்கி மதகு வழியே வயலுக்கு விட்டுப் பழகிய இந்தப் பூமியில், ஏரி நீர் ஏறாத மேட்டு நிலங்களிலும் கிணற்றை நம்பிய தோட்டக்கால்களிலும், கரும்பு, காய்கறி, நிலக்கடலை முதலிய பயிர்களுக்கு இப்போது சொட்டுநீர்க் குழாய்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் அரசு மானியம் அளித்துவருவது இதற்கு ஒரு முக்கிய காரணம். தண்ணீருடன் கரைத்த உரமும் அதே குழாய் வழியே வேரடிக்குச் செல்வதால், கையால் வீசிய உரம் மழையில் கரைந்தோடும் நஷ்டமும் குறைகிறது. ஆயினும் இத்தனை அனுகூலங்களும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு துவாரம் திறந்திருப்பதைப் பொறுத்தே நிற்கின்றன.

அந்தத் துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும் சொட்டுவானுக்குள்ளே நீர் வளைந்து வளைந்து செல்லும் ஒரு நுட்பமான பாதை இருக்கிறது. குழாயில் வரும் அழுத்தத்தை அந்த வளைவுகளில் இழந்தபின், மணிக்கு நான்கு லிட்டர் என்ற அளவில் நீர் சொட்டுகிறது. பாதையை அகலமாக்கினால் அழுத்தம் குறையாது. முதல் செடிக்கு வெள்ளமும் கடைசிச் செடிக்கு வறட்சியும் வாய்க்கும். ஆகவே குறுகலும் மந்த கதியும் இந்தச் சாதனத்தின் குறைபாடுகளல்ல, அதன் தத்துவமே அவைதாம். மெதுவாகச் செல்லும் நீர் தான் சுமந்துவந்ததைக் கீழே விட்டுச்செல்வதும் இயற்கை.

அவ்வாறு படிவனவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மணலும் வண்டலும் முதல் வகை. வடிகட்டியைச் செம்மையாக வைத்திருந்தால் இவை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். இரண்டாவது வகை உயிருள்ளது. வடிகட்டியின் கண்களில் எளிதாக நுழைந்துவிடும் பாக்டீரியாக்கள், குழாய்க்குள் பசைபோன்ற படலமாகப் பெருகி, நீரில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக மாற்றி அங்கேயே சேர்த்துவிடுகின்றன.

மூன்றாவது வகையே உரமிடுவோரைப் பெரிதும் ஏமாற்றுவது; ஏனெனில் அது குழாய்க்குள் நுழையும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாயிருந்து, அதில் டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரத்தைக் கரைத்தால், இரண்டும் கூடிக் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகப் படிகின்றன. கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட் உரத்தைச் சேர்த்தால் ஜிப்சம் உண்டாகிறது. தனித்தனியே தெளிவாகக் கரையும் இரு நல்ல உரங்கள், ஒரே தொட்டியில் சேர்ந்ததும் கல்லாகிவிடுகின்றன என்பதால், அடைப்பைத் தற்செயலான விபத்து என்று கருதுவதைவிட, தொட்டியில் கலந்த அன்றே நிச்சயமாகிவிட்ட ரசாயன விளைவு என்று கருதுவதே பொருத்தம்.

இதை முன்கூட்டி அறியும் பரீட்சை மிக எளியது. தோட்டத்துக் கிணற்று நீரையே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, தொட்டியில் கலக்கும் அதே விகிதத்தில் உரங்களைச் சேர்த்துக் குலுக்கி, ஒருநாள் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். கலங்கினாலும் அடியில் வெண்மை படிந்தாலும் அந்தச் சேர்க்கையைக் குழாய்க்குள் அனுமதிக்கலாகாது. உரங்கள் தம்முள் சேர்ந்ததால் படிந்ததெனில், அவற்றை வெவ்வேறு நாட்களில் தனித்தனியே செலுத்த வேண்டும். உரம் விடுமுன் சிறிது நேரம் வெறும் நீரும், விட்டபின் குழாய் சுத்தமாகும்வரை மீண்டும் வெறும் நீரும் ஓடுவது அவசியம்.

சொட்டுநீருக்கு மட்டுமன்றி, குருணை உரத்தைப் பெட்டியிலிருந்து சாலில் விடும் விதைப்புக் கருவிகளுக்கும் அடைப்பு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 73 சதவீதத்தைக் கடந்தால் யூரியா ஈரத்தை இழுக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகைக் காற்று அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டுவது. இரவில் பெட்டியிலேயே விட்ட உரம் காலையில் கட்டியாகி வாயை மூடிக்கொள்ளும்.

சொட்டுநீர்க் குழாயின் அடைப்பைப் பயிரைக் கொண்டு கண்டுபிடிப்பவன் காலங்கடந்தே கண்டுபிடிக்கிறான். இலை மஞ்சளாவதற்கு வெகுநாள் முன்பே குழாய் தன் நிலையைக் கூறிவிடுகிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவை நெருங்கினால், வடிகட்டியைக் கழுவ வேண்டிய வேளை வந்துவிட்டது. தண்ணீர் மீட்டரில் ஓட்டம் குறைந்து, வடிகட்டியைத் தாண்டிய அழுத்தம் உயருமாயின் சொட்டுவான்கள் அடைபடுகின்றன. ஓட்டம் மிகுந்து அழுத்தம் வீழுமாயின் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. இதை உறுதிப்படுத்த, வயலின் தலைப்பிலும் நடுவிலும் கடைக்கோடியிலும் சில சொட்டுவான்களின் அடியில் டப்பாக்களை வைத்து, குறித்த நேரம் நீர் பிடித்து அளக்க வேண்டும். மிகக் குறைவாகப் பிடித்த கால்பங்கு டப்பாக்களின் சராசரி, மொத்தச் சராசரியில் 90 சதவீதம் இருந்தால் உத்தமம். 70-க்குக் கீழே போனால் சிகிச்சை தேவை.

அந்தச் சிகிச்சையும் காரணத்துக்கு ஏற்ப வேறுபடும். வண்டலுக்குப் பக்கக் குழாய்களின் கடைமூடியைத் திறந்து நீரை வேகமாக விட்டாலே போதும். சுண்ணாம்புப் படிவைக் கரைக்க நீர்த்த அமிலமும், பாக்டீரியாப் படலத்தை அழிக்கப் பிளீச்சிங் பவுடரின் தெளிவும் வேண்டும். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒன்றாகச் சேரலாகாது, சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும்.

இவற்றில் எதுவும் அரிய வித்தையன்று. தவறாமல் செய்வதுதான் அரிது. காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரி ஏற்கெனவே கட்டி முடிந்தது. இருந்தும், அதைக் கவனிக்கும் பொறுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆள் நியமிப்பது அவசியம் என்று அச்சபையோர் கருதினார்கள். இன்று குழாய் போட மானியம் கிடைக்கிறது; அதைக் கழுவும் நாளைக் குறித்துவைத்து, மீட்டர் காட்டும் எண்ணைக் கிழமைதோறும் நோட்டில் எழுதிவரும் வாரியத்தை மட்டும் ஒவ்வொரு விவசாயியும் தன் வீட்டிலேயே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.