பழைய லான்ட் றோவரின் வெப்ப உணரி: பேணலும் மாற்றலும்

விதைநெல்லும் உரமும் ஏற்றிச் செல்லவும், சேறும் மணலும் நிறைந்த பாதைகளில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு வரவும் பழைய லான்ட் றோவர் வண்டிகள் இன்றும் கமக்காரருக்கு உதவி வருகின்றன. 1948ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த இவ்வண்டியின் வகைகளுள், 1958 முதல் 1985 வரை செய்யப்பட்ட இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகள் எளிய அமைப்புடையன. சாதாரண கருவிகளைக் கொண்டே அவற்றின் பெரும்பாலான பகுதிகளைக் கழற்றிப் பூட்டலாம். ஆயினும், விரலளவேயான ஓர் உறுப்பைக் கவனியாது விட்டமையால் இயந்திரம் முழுவதையும் இழந்தோர் உளர். அவ்வுறுப்பு வெப்ப உணரியாகும்.

உணரி வேலை செய்யும் முறை

இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரின் வெப்பநிலையை அறிவதே உணரியின் தொழில். இவ்வண்டிகளின் நான்கு சிலிண்டர் இயந்திரங்களில் இது சிலிண்டர்த் தலையின் முற்பகுதியில், நீர் வெளியேறும் வழிக்கு அண்மையில் திருகப்பட்டிருக்கும். இதன் பித்தளை முனை நீரினுள் அமிழ்ந்திருக்கும். வெளிமுனையில் ஒரு வயர் பூட்டப்பட்டிருக்கும்.

பித்தளை உறைக்குள் இருக்கும் சிறு பொருள் குளிர்ந்த நிலையில் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும்; வெப்பம் ஏற ஏற அத்தடை குறையும். எனவே நீர் சூடாகும்போது கூடுதலான மின் ஓடி, மானியின் முள்ளை உயர்த்துகின்றது. இம்மின் இயந்திரத்தின் உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்புகின்றது. ஆகையால் உணரியின் திருகுப்புரி துருவின்றி இயந்திரத்தின் உலோகத்தோடு நன்கு தொடுதல் இன்றியமையாதது.

பிற்காலத்து வண்டிகளில் வெப்பமானிக்கும் எரிபொருள் மானிக்கும் ஏறத்தாழ 10 வோல்ற்று மின்னழுத்தத்தைச் சீராக வழங்கும் சிறு கருவியொன்று மானிப்பலகையின் பின்புறம் உண்டு. இதனை நினைவில் வைத்திருத்தல் பின்னர் பயன்படும்.

முள் தாழ்ந்திருப்பதெல்லாம் நலமன்று

முள் உயர்ந்தால் ஆபத்து என்பதை யாவரும் அறிவர். முள் தாழ்ந்திருப்பதும் ஆபத்தாகலாம் என்பதை அறிந்தோர் சிலரே. உணரி நீரில் அமிழ்ந்திருக்கும்போதுதான் உண்மை கூறும். நீர் ஒழுகிப்போய் உணரியின் முனை வெறும் காற்றில் நின்றால், இயந்திரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கலாம்.

நான் பார்வையிடச் சென்ற ஒரு கமத்தில் இவ்வாறே நேர்ந்தது. அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளை ஏற்றிச் சென்ற வண்டியின் கீழ்க்குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டது. முள் தாழ்ந்திருப்பதைக் கண்ட சாரதி, ஆவியின் மணத்தைப் பொருட்படுத்தாது மேலும் செலுத்தினார். சிலிண்டர்த் தலை வளைந்தது. அதன் கீழுள்ள காஸ்கெற் எரிந்தது. வண்டி ஓடாது நின்ற நாட்களில் நெல்லை வாடகை வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போகத்தின் இலாபத்திற் பெரும்பகுதி இவ்விரு செலவுகளிலும் கரைந்தது. காலையில் நீர்மட்டத்தையும் குழாயையும் ஒருமுறை பார்த்திருந்தால் இந்நட்டம் பெரும்பாலும் தவிர்ந்திருக்கும்.

பழுதைக் கண்டறிதல்

உணரியை வாங்குமுன் பழுது உணரியில்தானா என்பதைத் தெளிதல் வேண்டும்.

முதலாவதாக, வெப்பமானியும் எரிபொருள் மானியும் ஒரே வேளையில் மிகுதியாகவோ குறைவாகவோ காட்டினால், மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவியையே ஐயுறுக.

இரண்டாவதாக, ஆளியைத் திறந்து, உணரியிலிருந்து வயரைக் கழற்றி அதன் முனையை இயந்திரத்தின் சுத்தமான உலோகப் பகுதியில் தொடுக. முள் மெதுவாக உயரத் தொடங்கினால் மானியும் வயரும் நல்லன. பழுது உணரியிலோ அதன் திருகுப்புரித் தொடர்பிலோ உள்ளது. முள் எழத் தொடங்கியதும் வயரை உடனே எடுத்துவிடுதல் வேண்டும். நெடுநேரம் தொட்டுவைத்தால் மானி எரிந்துபோகும். முள் சிறிதும் அசையாவிடில் வயரையும் மானியையும் சோதிக்க.

மூன்றாவதாக, குளிர்ந்த இயந்திரத்திலும் முள் உச்சியில் நின்றால் உணரியின் வயரைக் கழற்றிப் பார்க்க. முள் இறங்கினால் உணரி பழுது. இறங்காவிடில் வயர் எங்கோ தோலுரிந்து உடலில் தொடுகின்றது.

கழற்றிய உணரியை வீட்டிலும் சோதிக்கலாம். ஒரு பாத்திரத்து நீரில் அதன் முனையை மட்டும் அமிழ்த்தி, தடைமானியை இணைத்து நீரைச் சூடாக்குக. சூடு ஏற ஏறத் தடை சீராகக் குறைதல் வேண்டும். மாறாது நின்றாலும் திடீரெனத் தாவினாலும் அவ்வுணரியை எறிந்துவிடுக.

மாற்றும் முறை

1. இயந்திரம் முற்றாகக் குளிரும்வரை பொறுத்திருக்க. சூடாக இருக்கையில் நீர்த்தொட்டியின் மூடியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. மூடிய தொட்டியில் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் கூடும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை செல்சியஸ் உயரும். ஆகையால் உள்ளே நீர் 100 பாகையையும் கடந்திருக்கலாம். மூடி திறந்தவுடன் அது பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

2. பற்றரியின் ஒரு முனையைக் கழற்றுக.

3. நீர்மட்டம் உணரிக்குக் கீழே இறங்கும்வரை நீரைச் சுத்தமான பாத்திரத்தில் வடிக்க. குளிர்த்தித் திரவம் கலந்த நீரை நிலத்தில் விடலாகாது. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். மாடும் நாயும் குடித்தால் இறக்க நேரும்.

4. வயரைக் கழற்றி, அளவான சாவியால் உணரியைத் திருகி எடுக்க. இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயிட்டுச் சில மணிநேரம் விடுக. பலவந்தம் செய்தால் உணரி முறிந்து தலையினுள் தங்கிவிடும்.

5. திருகுப்புரித் துளையைத் துடைத்து, புதிய செப்பு வளையத்துடன் புதிய உணரியை முதலில் கைவிரலாலேயே திருகி, பின்னர் சாவியால் அளவாக இறுக்குக. திருகுப்புரியில் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் மின்தொடர்பு தடைப்பட்டு மானி குறைவாகக் காட்டும்.

6. வயரையும் பற்றரியையும் பூட்டி, நீரை மெதுவாக நிரப்பி, காற்று வெளியேறும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு, குறைந்த நீரை நிரப்பி மூடுக. ஒழுக்கு உண்டா எனப் பார்க்க.

உணரியும் மானியும் ஒரே இணைக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். திருகுப்புரி பொருந்துகின்றது என்பதற்காக வேறு வண்டியின் உணரியைப் பூட்டினால் மானி என்றும் பிழையாகவே காட்டும். பழைய உணரியைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குதல் நன்று.

பேணல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறைகளூடாக ஊறி வருவதால் வன்மையானது. கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்படலமே இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படிகின்றது. அப்படலம் உணரியின் முனையை மூடினால் முள் பிந்தியே உயரும். நீர்த்தொட்டியின் குழாய்களை அடைத்தால் இயந்திரமே சூடேறும். ஆகையால் வடித்த நீரையோ சுத்தமான மழைநீரையோ, துருவைத் தடுக்கும் குளிர்த்தித் திரவத்துடன் கலந்து பயன்படுத்துக.

எமது நாடு வெப்பமானது எனக் கூறி, நீரோட்டத்தை ஒழுங்குபடுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிவிடுவோர் பலர். இதனால் இயந்திரம் உரிய சூட்டை அடையாது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டர்கள் விரைவில் தேயும். முள்ளும் எப்போதும் தாழ்ந்தே நிற்பதால், நல்ல உணரியையும் பழுதென எண்ண நேரும்.

சப்பியும் வைக்கோல் தூசியும் நீர்த்தொட்டியின் முகப்பை அடையாதவாறு அறுவடைக் காலத்தில் அடிக்கடி துப்புரவு செய்க. விசிறிப் பட்டியின் இறுக்கத்தையும், குழாய்களின் வெடிப்பையும், உணரி வயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்துள்ளதா என்பதையும் ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் பார்க்க.

வண்டி ஓடும்போது முள் வழமையாக நிற்கும் இடத்தைச் சாரதி மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். அவ்விடத்திலிருந்து மேலே ஏறினாலும், காரணமின்றிக் கீழே விழுந்தாலும், வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்து, அது ஆறிய பின் நீரைப் பார்த்தலே முதற் கடமையாகும்.