திருவிழா இரவும் ஒரு கரும்புள்ளியும்

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த ஊர்களில் கார்த்திகை பிறந்துவிட்டால் பிரயாண உற்சாகத்துக்குக் குறைவே இராது. தீபத்துக்குத் திருவண்ணாமலை புறப்படுகிறவர்கள் ஒரு புறம். மாலை அணிந்து மலைக்குச் செல்கிறவர்கள் மற்றொரு புறம். தை பிறந்தால் காணும் பொங்கலும் பூசமும் வந்துவிடும். இத்தனை ஜனங்களுக்கும் சத்திரம் ஏது? தோப்போ, புல்வெளியோ, கண்ட இடத்தில் துண்டை விரித்துப் படுத்து விடுகிறார்கள். வானமே கூரையாக உறங்குவதில் ஓர் இன்பம் உண்டு என்பதை நாமும் அறிவோம். அந்த இன்பத்தைக் கெடுப்பது நமது நோக்கமன்று. அதனோடு வரக்கூடிய ஓர் அபாயத்தை நேயர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே நமது கவலை.

சில வருஷங்களுக்கு முன் நமது வகுப்பு மாணவன் ஒருவன் தீபம் பார்த்துத் திரும்பினான். பத்து நாட்களுக்குப் பிறகு கடுமையான காய்ச்சலும் தலைவலியும் கண்டன. மழைக் காலத்து ஜுரம் என்று மாத்திரை கொடுத்தார்கள். டெங்குவுக்குச் சோதித்தார்கள், இல்லை. டைபாய்டுக்குச் சோதித்தார்கள்; அதுவும் தெளிவாகவில்லை. ஏழாம் நாள் மூச்சுத் திணறத் தொடங்கியதும், தாயார் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கே இளம் பெண் வைத்தியர் ஒருவர் பையனின் சட்டையைக் கழற்றச் செய்து உடல் முழுவதையும் கவனித்தார். அக்குளில், நெருப்பால் சுட்டதுபோல் ஒரு சிறு கரும் பொருக்கு இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, அதனால் பையனுக்கே அது தெரியாது. "தம்பி, இந்த இரண்டு வாரத்துக்குள் எங்கேயாவது புல்தரையில் படுத்து உறங்கினாயா?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நாள்தோறும் அவனைப் பார்த்த நாமும் கேட்கவில்லை. பையன் பிழைத்துவிட்டான்.

இந்நோய்க்கு வைத்தியர்கள் இட்ட பெயர் ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. ஆனால் மாட்டின் மேலும் நாயின் மேலும் ஊறும் உண்ணி வேறு. இங்கே குற்றவாளி, புதர்களில் வாழும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எலிகளின் மேல் தொற்றி வாழும் இது, புல்லின் நுனியில் காத்திருந்து, அவ்வழி வரும் மனிதன் மேலும் ஏறிவிடும். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு முதலிய மறைவிடங்களே இதற்குப் பிரியமானவை. கடித்த ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. ஆனால் கவனியாமல் விட்டால் நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் குடித்துவிடும்.

இது காட்டில் மட்டும் வரும் வியாதி என்று எண்ணுவது தவறு. இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மா, அஸ்ஸாம் காடுகளில் முகாமிட்ட சேனைகளை இது வாட்டியது உண்மையே. ஆனால் ஏரிக்கரைப் புதரும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் இடையே பயிரின்றிக் கிடக்கும் மனைகளும் எலிக்கும் பூச்சிக்கும் போதுமான காடுகள் அல்லவா? 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை இந்நோயைப் பற்றி எச்சரித்தபோது குறிப்பிட்ட ஜில்லாக்களில் காஞ்சீபுரமும் ஒன்று.

நமது தேசத்து ஆராய்ச்சி இவ்விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியது என்பதைப் பெருமையுடன் குறிப்பிடலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் ஏழு இந்திய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சுமார் 800 நோயாளிகளைப் பரிசோதித்தன. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட அதிகப் பயன் தருகிறது என்று 2023-ல் முடிவு வெளியிட்டன. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலோருக்குப் போதும். ஆகவே குறைவு மருந்தில் இல்லை. அடையாளம் கண்டுகொள்வதில்தான் இருக்கிறது. எனினும் வைத்தியரைக் கேளாமல் மாத்திரை வாங்கி விழுங்குவது கூடாது.

வெளியூர்த் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை எளியவை. வெறும் புல்லில் படுக்க வேண்டாம். கட்டாந்தரையில் தடித்த விரிப்போ பாயோ போட்டுப் படுக்கலாம். கழற்றிய துணியைப் புல்லின் மேலும் புதரின் மேலும் போட வேண்டாம். கைகால்களை மூடும் உடையும், பூச்சி விரட்டும் களிம்பும் நல்ல காவல். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணிகளை வெந்நீரில் துவைத்துவிட வேண்டும். மாட்டுண்ணி போன்றது உடலில் ஒட்டியிருந்தால், நெருப்பு வைப்பதும் மண்ணெண்ணெய் தடவுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்து எடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், தாய்மார்கள் முதலில் குழந்தையின் அக்குளையும் இடுப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். கரும்புள்ளி எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஆகையால் அது இல்லை என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. தாமதியாமல் வைத்தியரிடம் சென்று, அவர் கேட்குமுன்பே, "இன்ன நாளில் இன்ன இடத்தில் வெளியே படுத்திருந்தோம்" என்று சொல்லிவிட வேண்டும். நமது மாணவன் விஷயத்தில் அந்த ஒரு வாக்கியம் ஏழு நாள் தாமதமாகவே வெளிவந்தது. மற்றக் குழந்தைகளுக்கு அது முதல் நாளே வெளிவரட்டும்.