தோண்டியதை மறுபடியும் மூடுகிறார்கள்! ஆயிரம் ஆண்டு வீடுகளை மண்ணால் காப்பாற்றும் அமெரிக்கப் பூங்கா

போகும் வழியில் பாதி தூரம் மண்சாலை. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க், ஹோட்டல், லாட்ஜ் எதுவும் கிடையாது. சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இருந்தும் அந்த வறண்ட பள்ளத்தாக்கைத் தேடி உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். காரணம், அங்கே நிற்கும் ஆயிரம் ஆண்டுப் பழைய கல் வீடுகள்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருக்கும் சாக்கோ கலாசார தேசிய வரலாற்றுப் பூங்காதான் அந்த இடம். 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே ஓர் ஆச்சர்யம் என்னவென்றால், தோண்டி வெளியே கொண்டுவந்த அறைகள் பலவற்றை மறுபடியும் மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். ஏன் அப்படி?

ஒரே கட்டடத்தில் 600 அறைகள்

பூங்காவில் இருப்பவற்றில் பெரியது 'பியூப்ளோ போனிட்டோ'. ஸ்பானிஷ் மொழியில் 'அழகிய ஊர்' என்று அர்த்தம். ஆங்கில 'D' எழுத்து வடிவில், 600-க்கும் மேற்பட்ட அறைகளோடு, சில இடங்களில் நான்கு தளங்கள் வரை உயர்ந்து நின்ற கட்டடம் இது. தரைக்குக் கீழே வட்டமாகத் தோண்டிக் கட்டிய 'கிவா' என்கிற சடங்கு அறைகளும் உண்டு. 9-ம் நூற்றாண்டில் தொடங்கி, சுமார் 300 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கல் பக்கத்திலேயே கிடைத்தது. ஆனால், கூரைக்கு வேண்டிய நீளமான மரங்கள் அங்கே இல்லை. 75 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மலைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் இல்லை, பாரம் இழுக்க மாடோ குதிரையோ இல்லை. எல்லாமே மனிதர்களின் தோள் பலம்தான்!

அந்த மரங்கள்தான் வீட்டின் வயதையும் சொல்லின. மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் உருவாகும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். இந்த வரிசையைப் பழைய மரங்களோடு ஒப்பிட்டு, உத்தரம் வெட்டப்பட்ட ஆண்டையே கணக்கிடும் முறையை உருவாக்கியவர் வானியலாளர் ஏ.இ.டக்ளஸ். 1929-ல் அவர் இந்த வீடுகளின் காலத்தைக் கண்டுபிடித்தார்.

12-ம் நூற்றாண்டில் நீண்ட வறட்சி வந்தது. மக்கள் படிப்படியாக வேறு இடங்களுக்கு நகர்ந்தார்கள். வீடுகள் மணலில் புதைந்தன.

விழப்போகிறது என்று தெரிந்தே விழுந்த பாறை

1890-களின் கடைசியில் இங்கே பெரிய அளவில் தோண்டினார்கள். கிடைத்த பொருள்கள் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. இதற்கு எதிர்ப்பு கிளம்ப, 1906-ல் தொல்பொருள்களைக் காக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சாக்கோ தேசியச் சின்னமானது.

ஆனால், சட்டத்தால் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று பின்னால் நின்றது. பியூப்ளோ போனிட்டோவின் பின்புறம் ஒரு ராட்சதப் பாறை, மலையிலிருந்து பிளந்து தனியாக நின்றது. அந்தக் காலத்து மக்களே பயந்து, அதன் அடியில் முட்டுக் கொடுத்துச் சுவர் கட்டியிருந்தார்கள். 1935 முதல் பூங்கா ஊழியர்கள் பாறை எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொண்டே வந்தார்கள். 1941 ஜனவரியில் அது சரிந்தது. பின்சுவரின் ஒரு பகுதியும் பல அறைகளும் நொறுங்கின.

சிமென்ட் கெடுத்தது, மண் காத்தது

பாறை ஒருமுறைதான் விழும். மழையும் பனியும் ஆண்டுதோறும் வரும். கூரை போய்விட்ட சுவரின் தலைவழியாகத் தண்ணீர் இறங்கும். அடியிலிருந்து ஓதம் ஏறும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும்போது கல் வெடிக்கும், மண் சாந்து உதிரும்.

1930-களிலிருந்து நவஹோ பழங்குடிக் கொத்தனார்கள் சுவர்களைப் பழுதுபார்த்து வருகிறார்கள். ஆரம்பத்தில் சிமென்ட் பூசிப் பார்த்தார்கள். சிமென்ட்டோ, மணற்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்தது. விளைவு, பூச்சு அப்படியே இருக்க, பக்கத்திலிருந்த பழைய கல் அரித்தது. அதனால், மறுபடியும் மண் சாந்துக்குத் திரும்பினார்கள்.

இன்னொரு சிக்கல், சுவருக்கு ஒரு பக்கம் மண் நிறைந்திருந்து, மறுபக்கம் அறை காலியாக இருப்பது. மண்ணின் பாரம் சுவரைத் தள்ளும். ஈரமும் காலியான பக்கம் வழியாகவே கசிந்து வெளியேறும். அதனால்தான் பல அறைகளில் பாதியளவோ, முழுவதுமோ மண் நிரப்புகிறார்கள். நீர் வடிய வழி செய்து, பழைய உத்தரங்கள் இருக்கும் இடங்களில் துணி போன்ற விரிப்புகளையும் போடுகிறார்கள். வெயிலும் காற்றும் படாவிட்டால் மரம் நீண்டநாள் தாங்கும். பல நூறு ஆண்டுகள் இவற்றைக் காத்ததும் இதே மண்தானே!

வாரிசுகள் என்ன சொல்கிறார்கள்?

நம் கண்ணுக்கு இவை இடிபாடுகள். ஹோப்பி, ஜூனி, அகோமா போன்ற பியூப்ளோ மக்களுக்கோ இவை முன்னோர் வீடுகள். வீட்டுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு, மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. அப்படியானால், விழும் சுவரைத் தூக்கி நிறுத்துவது சரியா? அடுத்த தலைமுறை பார்க்க வேண்டாமா? இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு பூங்கா நிர்வாகம் பழங்குடிப் பிரதிநிதிகளோடு ஆலோசித்துத்தான் செயல்படுகிறது. மண்ணால் மூடும் முறையில் இருவர் விருப்பமும் ஓரளவு நிறைவேறுகிறது. சுவர் பிழைக்கிறது, வீடும் மண்ணுக்குள் போகிறது.

பார்க்க வருபவர்களுக்குக் கட்டுப்பாடுகள் எளிமையானவை. சுவரில் ஏறக் கூடாது, சாயக் கூடாது, தரையில் கிடக்கும் பானை ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. யாரோ வாழ்ந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் நாம் எப்படி நடந்துகொள்வோமோ, அதேதான்!